ஈரல் புற்று திரும்பாதிருக்க மருந்து உண்டா?

சென்ற மாதம் நமது சங்கத்து வாசகசாலையில் பழைய இதழ்களை அடுக்கிக் கொண்டிருந்தபோது மூத்த அன்பர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். அவருடைய தம்பிக்கு ஈரலில் புற்றுக் கட்டி கண்டு, ரண சிகிச்சை செய்து எடுத்து விட்டார்களாம். "அது மறுபடியும் வராமல் இருக்க ஏதோ ஊசி வந்திருக்கிறதாமே, உங்கள் மாமாவுக்குப் போட்டீர்களா?" என்று கேட்டார். நின்ற நிலையில் பதில் சொல்லிவிடக் கூடிய கேள்வியன்று அது. நமது இதழிலேயே எழுதுகிறேன் என்று வாக்களித்து வந்தேன். இதே கேள்வி நம் அன்பர்களில் வேறு சிலர் வீட்டிலும் இருக்கக் கூடும்.

நான் வைத்தியன் அல்லன். ரயில்வேயில் சரக்குப் பிரிவுக் குமாஸ்தா. படிப்பு மெட்ரிகுலேஷனோடு நின்றது. ஆயினும் 2023-ஆம் ஆண்டில் இந்த ஒரு விஷயத்தை, அகராதியைப் பக்கத்தில் வைத்துக் கொண்டு, என் அறிவுக்கு எட்டியவரை படித்தேன். தெரியாத இடங்களை நம் சங்கத்து டாக்டர் ஒருவரிடம் கேட்டுத் தெளிந்தேன். படிக்க வேண்டிய நிர்ப்பந்தம் வந்தது.

என் தாய்மாமன் விருத்தாசலத்துக்காரர். நாற்பது ஆண்டுகளுக்கு முன் நாக்பூருக்கு வந்து, ஆலை ஒன்றில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இல்லை. அவருக்கும் அத்தைக்கும் நானே பிள்ளை. 2023-ஆம் ஆண்டு தொடக்கத்தில் அவருக்கு மும்பையில் ஈரல் ரண சிகிச்சை நடந்தது. கட்டி முழுவதும் வெளியே வந்து விட்டது என்று டாக்டர் கூறியபோது அத்தை கைகூப்பி அழுதாள். ஆனால் பத்து நாட்கள் கழித்து வந்த பரிசோதனைத் தாளில் ஒரு வரி இருந்தது. கட்டியின் அணுக்கள் மிகச் சிறிய இரத்தக் குழாய்களுக்குள்ளும் புகுந்திருந்தனவாம். "திரும்பி வரும் அபாயம் அதிகம்" என்பதே அந்த வரிக்கு டாக்டர் சொன்ன பொருள்.

ஈரல் புற்றின் இயல்பை இங்கே சற்று விளக்க வேண்டும். பெரும்பாலும் அது ஆரோக்கியமான ஈரலில் தோன்றுவதில்லை. 'பி' அல்லது 'சி' என்னும் காமாலை வைரஸோ, மதுவோ, கொழுப்போ பல்லாண்டுகள் ஈரலை அரித்து, அது தழும்பேறிச் சுருங்கிய பின்னரே அங்கே புற்று முளைக்கிறது. ஆகவே கட்டியை அறுத்தெடுத்தாலும் நிலம் அதே நிலந்தான். நோய் திரும்புவதற்கு இரண்டு வழிகள் உண்டு. முன்னரே சிதறிய, கண்ணுக்குப் புலப்படாத அணுக்கள் வளர்ந்து முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் தலைதூக்குவது ஒன்று. கெட்டுப்போன அந்த ஈரலில் முற்றிலும் புதிதாக வேறொரு கட்டி தோன்றுவது மற்றொன்று. இது பின்னாளில் வருவது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், ரண சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு எழுபது பேர் வரை ஐந்து ஆண்டுகளுக்குள் மீண்டும் இந்நோய்க்கு ஆளாகிறார்கள் என்று வைத்திய நூல்கள் கூறுகின்றன. அந்த எண்ணை நான் அத்தையிடம் சொல்லவில்லை.

அந்த ஆண்டு ஏப்ரல் மாதம், புற்றுநோய் ஆராய்ச்சியாளர்களின் அமெரிக்க மகாநாட்டில் ஒரு செய்தி வெளியாயிற்று. சிங்கப்பூரைச் சேர்ந்த ரண சிகிச்சை நிபுணர் பியர்ஸ் சௌ அதை வெளியிட்டார். ஈரல் புற்றை அகற்றிய பின் கொடுத்தால் நோய் திரும்புவதைக் குறைக்கும் சிகிச்சை ஒன்று, பெரிய சோதனையில் முதன்முறையாக வெற்றி கண்டிருக்கிறது என்பதே அது. அடுத்த தடவை நாங்கள் மும்பைக்குச் சென்றபோது டாக்டரே அதைப் பற்றிப் பேசினார். இரண்டு மருந்துகள், மூன்று வாரத்துக்கு ஒரு முறை நரம்பு வழியே ஏற்ற வேண்டும், ஓராண்டுக்குப் பதினேழு தடவை. செலவைக் கேட்டபோது அத்தை என் முகத்தைப் பார்த்தாள். மாமா என் ரயில்வே வைத்திய வசதிக்கு உட்பட்டவர் அல்லர். விருத்தாசலத்து வீட்டை விற்று, அத்தையின் நகைகளையும் போட்டால் ஏறக்குறைய சரிக்கட்டலாம் என்ற நிலை.

"நீதான் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவன், மாப்பிள்ளை. படித்துப் பார்த்துச் சொல். நீ சொல்வதே முடிவு" என்றார் மாமா. என் உத்தியோகத்தில் எத்தனையோ தாள்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இவ்வளவு கனமான பொறுப்பு என்னிடம் வந்ததில்லை.

மருந்தின் தத்துவம் இதுதான். நம் இரத்தத்திலுள்ள வெள்ளணுக்களில் ஒரு வகை, உடலுக்குள் புகுந்த பகையை அடையாளம் கண்டு அழிக்கும் காவல் அணுக்கள். அவை வரம்பு மீறி நம் உடலையே தாக்கிவிடாதபடி அவற்றில் இயற்கை ஒரு பிரேக்கை அமைத்திருக்கிறது. ஜப்பானில் தசுகு ஹோஞ்சோவின் ஆராய்ச்சிக் கூடத்தில் 1992-இல் கண்டுபிடிக்கப்பட்ட 'பி.டி.-1' அத்தகைய பிரேக்குகளில் ஒன்று. தந்திரமுள்ள புற்று அந்தப் பிரேக்கை அழுத்திக் காவலனை நிறுத்திவிட்டுத் தான் வளர்கிறது. அழுத்தும் கையைத் தடுத்துவிட்டால் காவலன் மீண்டும் ஓடுவான். இத்துறையில் உழைத்ததற்காக ஹோஞ்சோவும் அமெரிக்கரான ஜேம்ஸ் ஆலிசனும் 2018-இல் நோபல் பரிசு பெற்றனர். மாமாவுக்குச் சொல்லப்பட்ட இரண்டு மருந்துகளில் அடெசோலிசுமாப் இந்த வகையைச் சேர்ந்தது. மற்றதாகிய பெவசிசுமாப், கட்டிக்கு இரை கொண்டு செல்லும் புதிய இரத்தக் குழாய்கள் முளைப்பதைத் தடுப்பது. ரண சிகிச்சைக்கு இடமில்லாதபடி முற்றிய ஈரல் புற்றில் இவ்விரண்டும் ஆயுளை நீட்டியது 2020-இல் நிரூபணமாகி, அது முதல் உலகெங்கும் வழக்கத்துக்கு வந்துவிட்டது.

முற்றிய நோயில் உதவுவது, எடுத்த பின்னும் உதவத்தானே வேண்டும்? எனக்கும் அப்படித்தான் தோன்றிற்று. அப்படி எண்ணுவது தவறாகலாம் என்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. சொராஃபெனிப் என்ற மாத்திரை முற்றிய நோயில் ஆயுளைச் சற்று நீட்டுவது 2007-இல் தெரிந்தது. உடனே, அறுத்தெடுத்த பின் கொடுத்துப் பார்க்கலாம் என்று 1,114 நோயாளிகளைக் கொண்டு ஒரு பெரும் சோதனை நடத்தினார்கள். 2015-இல் முடிவு வெளியாயிற்று. மாத்திரை உண்டவர்களில் நோயின்றிக் கழிந்த காலத்தின் நடு அளவு 33.3 மாதம், வெறும் மாவு மாத்திரை உண்டவர்களில் 33.7 மாதம். அதாவது பக்கத் தொல்லைகளைத் தவிர வேறு பயன் ஒன்றும் இல்லை.

நம்பிக்கை தரும் கதைகளும் உண்டு. ஜப்பானில் 150 நோயாளிகளில் ஒரு பாதியினருக்கு, அவரவர் சொந்த வெள்ளணுக்களையே வெளியே எடுத்து, வலுவேற்றி, ஆறு மாதத்தில் ஐந்து முறை திரும்பச் செலுத்தினார்கள். 2000-இல் வெளியான முடிவுப்படி, அவ்வாறு செலுத்தப்பட்டவர்களில் நூற்றுக்கு 59 பேருக்கும், செலுத்தப்படாதவர்களில் நூற்றுக்கு 77 பேருக்கும் நோய் திரும்பிற்று. ஆனால் மொத்த ஆயுளில் ஐயமற்ற வித்தியாசம் காணப்படவில்லை. கொரியாவில் 230 பேரைக் கொண்டு இதே போன்ற முறையைச் சோதித்து, நோயற்ற காலம் 30 மாதத்திலிருந்து 44 மாதமாயிற்று என்று 2015-இல் அறிவித்தார்கள். எதிர்ப்புச் சக்தியைக் கொண்டே இந்த நோயைத் தடுக்கலாம் என்ற எண்ணம், ஆகவே, ஆதாரமற்றதன்று.

இனி அந்த 2023-ஆம் ஆண்டுச் சோதனைக்கு வருவோம். அதன் பெயர் 'ஐ.எம்.பிரேவ் 050'. 26 தேசங்களில் 668 நோயாளிகள். எல்லோரும் மாமாவைப் போல நோய் திரும்பும் அபாயம் அதிகமுள்ளவர்கள். கட்டியை அறுத்தோ சுட்டோ அகற்றிய பின், சீட்டுக் குலுக்கிப் போடுவது போல அவர்களை இரண்டாகப் பிரித்து, 334 பேருக்கு மருந்தும், 334 பேருக்கு மருந்தின்றிக் கவனமான கண்காணிப்பும் என்று ஏற்பாடு. ஓராண்டு முடிவில், நோய் திரும்பாமல் உயிரோடிருந்தவர்கள் மருந்துப் பிரிவில் நூற்றுக்கு 78. கண்காணிப்புப் பிரிவில் 65. நோய் திரும்பும் அபாயம் 28 சதவீதம் குறைந்ததாகக் கணக்கு. நூற்றுக்குப் பதின்மூன்று பேர்! அந்தப் பதின்மூன்றில் ஒருவராக மாமா ஏன் இருக்கக் கூடாது? விருத்தாசலத்து வீட்டின் பத்திரத்தை அன்றிரவே பெட்டியிலிருந்து எடுத்து வைத்தேன்.

ஆனால் தாளைத் தொடர்ந்து படித்தபோது சில விஷயங்கள் உறுத்தின. இது முன்கூட்டியே திட்டமிடப்பட்ட இடைக்காலக் கணக்கு, இறுதிக் கணக்கன்று. நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்த காலத்தின் நடு அளவு 17.4 மாதந்தான். மருந்து பெற்றவர்கள் அதிக காலம் உயிர் வாழ்கிறார்களா என்பதைச் சொல்லும் அளவுக்கு நாள் கடக்கவில்லை. கடுமையான பக்கத் தொல்லைகள் மருந்துப் பிரிவில் நூற்றுக்கு 41 பேருக்கும், மற்றதில் 13 பேருக்கும் நேர்ந்திருந்தன. கண்காணிப்புப் பிரிவில் நோய் திரும்பியவர்கள் அதே மருந்துகளைப் பின்னர் பெறவும் அனுமதி இருந்தது. இந்தக் கடைசி விஷயமே என்னை மிகவும் யோசிக்க வைத்தது. முன்னரே கொடுப்பதா, வந்த பின் கொடுப்பதா என்ற கேள்விக்கு விடை இன்னும் வரவில்லை என்றல்லவா ஆகிறது?

என் தொழிலில் பழகிய ஓர் உவமை சொல்கிறேன், மன்னிக்கவும். ஒரு வண்டி புறப்பட்ட இடத்திலிருந்து மூன்றாவது ஸ்டேஷனைப் பதின்மூன்று நிமிஷம் முன்னதாகக் கடந்தது என்று செய்தி வந்தால், கடைசி ஸ்டேஷனுக்கும் பதின்மூன்று நிமிஷம் முன்னதாகவே வந்து சேரும் என்று எந்தக் குமாஸ்தாவும் எழுத மாட்டான். வந்தாலும் வரும். நடுவில் சிக்னலில் நின்றாலும் நிற்கும்.

கேட்ட டாக்டர்களும் ஒரே அபிப்பிராயம் சொல்லவில்லை. மும்பை டாக்டர் போடலாம் என்றார். கட்டாயம் என்று சொல்லவில்லை. நம் சங்கத்து டாக்டரோ, "கடன் வாங்கிப் போடும் அளவுக்கு இது இன்னும் உறுதிப்படவில்லை" என்றார். மாமாவிடம் இரண்டையும் அப்படியே சொன்னேன். அவர் நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, "சோதனையே முடியவில்லை என்கிறாய். முடியாத சோதனைக்கு நான் ஏன் அவள் இருக்க வேண்டிய வீட்டை விற்க வேண்டும்?" என்றார். ஊசி போடுவதில்லை என்று முடிவாயிற்று. முடிவு அவருடையதே என்றாலும், தாளைப் படித்துச் சொன்ன வாய் என்னுடையது.

இதற்கிடையில் அண்டை அயலார் கீழாநெல்லி கொடுங்கள் என்றார்கள். கீழாநெல்லியை நான் இகழவில்லை. 'பி' வைரஸைக் கண்டுபிடித்ததற்காக நோபல் பரிசு பெற்ற புளும்பர்க், சென்னையில் டாக்டர் தியாகராஜனுடன் சேர்ந்து அதை ஆராய்ந்திருக்கிறார். 37 பேரில் 22 பேரின் இரத்தத்திலிருந்து வைரஸின் அடையாளம் மறைந்தது என்று 1988-இல் பெருமை வாய்ந்த 'லான்செட்' பத்திரிகையில் எழுதினார்கள். தமிழ்நாட்டுப் பச்சிலைக்கு அத்தகைய மதிப்புக் கிடைத்தது பெரிய செய்திதான். ஆனால் பிற்பாடு வேறு தேசங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிட்டவில்லை. முதற் செய்தி மங்கிப் போவது பச்சிலைக்கும் உண்டு, பல லட்சம் பெறும் ஊசிக்கும் உண்டு.

ஊசியை விட்டுவிட்டு நாங்கள் சும்மாயிருக்கவில்லை. மாமாவுக்கு ஈரல் கெட்டதற்குக் காரணம் 'பி' வைரஸ் என்பதே ரண சிகிச்சையின்போதுதான் தெரிந்தது. அவர் வாழ்நாளில் ஒரு சொட்டு மதுவைத் தொட்டவர் அல்லர். அந்த வைரஸை அடக்கும் மாத்திரையைத் தினந்தோறும் தவறாமல் உண்டால் புற்று திரும்பும் வாய்ப்பும் குறைகிறது என்பது பல ஆராய்ச்சிகளில் கண்ட உண்மை. 2018 ஜூலையில் மத்திய சர்க்கார் தொடங்கிய தேசிய வைரஸ் காமாலைத் தடுப்புத் திட்டத்தில் இந்தப் பரிசோதனைக்கும் மாத்திரைக்கும் காசில்லை. இதை நம் அன்பர்களில் பலர் அறியார். மூன்று மாதத்துக்கு ஒரு ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் என்று ஒரு நோட்டில் தேதி போட்டு வைத்தோம்.

இந்த வைரஸ் பெரும்பாலும் பிரசவ வேளையில் தாயிடமிருந்து குழந்தைக்குச் செல்வது என்றறிந்ததும், மாமாவின் உடன்பிறந்தவளாகிய என் தாயாரை அழைத்துச் சென்றேன். அவளுக்கும் இருந்தது. அறுபது வயதுவரை ஒரு நோயும் காட்டாமல் உள்ளே குடியிருந்திருக்கிறது. எனக்கு இல்லை என்று தாள் வந்தது. எப்படித் தப்பினேன் என்பது எனக்கு விளங்கவில்லை. என் மகளுக்குப் பிறந்த நாளிலேயே தடுப்பூசி போட்டிருக்கிறது. அத்தைக்கு வைரஸ் இல்லை. அவளுக்கும் தடுப்பூசி போட்டாயிற்று. தாயார் இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேனுக்குச் செல்கிறாள்.

2024 மார்ச்சில் மாமாவின் ஸ்கேனில் ஒரு புள்ளி தெரிந்தது. ஒன்றரை சென்டிமீட்டர். அது புற்றேதான் என்று உறுதியாயிற்று. சிறிதாயிருந்தமையால் வயிற்றைத் திறக்காமல், ஊசியை உள்ளே செலுத்தி வெப்பத்தால் சுட்டு அழித்துவிட்டார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தோம். அத்தை என்னை ஒரு வார்த்தை குறை கூறவில்லை. ஆனால் அந்த வாரம் முழுவதும் எனக்குக் காபி கொண்டு வந்து வைத்துவிட்டு, வழக்கம்போல் எதிரில் உட்காராமல் உள்ளே போய்விடுவாள். அந்த ஊசியைப் போட்டிருந்தால் என்ற வாக்கியம் எங்கள் வீட்டில் பேசப்படாமலே ஆறு மாதம் இருந்தது.

2024 செப்டம்பரில் பார்சிலோனா நகரில் கூடிய ஐரோப்பியப் புற்றுநோய் வைத்தியர்கள் மகாநாட்டில் அதே சோதனையின் பிந்திய கணக்கு வெளியாயிற்று. இப்போது நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்த காலம் 35 மாதத்தைத் தாண்டியிருந்தது. முன்பு 28 சதவீதம் என்ற குறைவு இப்போது 10 சதவீதமாகச் சுருங்கியிருந்தது. அதுவும் தற்செயலாக நேர்ந்திருக்கலாம் என்று ஒதுக்கத்தக்க அளவு. உயிர் பிழைத்திருத்தலிலும் மருந்துப் பிரிவுக்கு மேன்மை காணப்படவில்லை. மருந்து கொடுக்கும் காலத்தில் நோய் சற்றுத் தள்ளி நின்று, நிறுத்திய பின் வந்து சேர்ந்துகொண்டது போலும் என்பதே என் சிற்றறிவுக்குப் பட்டது.

அத்தையிடம் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, "அப்படியானால் நம் பேரில் தப்பில்லையா?" என்றாள். இல்லை என்று சொன்னேன். முழு உண்மையைச் சொல்வதானால், அறுநூற்று அறுபத்தெட்டுப் பேரின் சராசரி, மாமா ஒருவருக்கு என்ன நேர்ந்திருக்கும் என்பதைச் சொல்லாது. எதிரும் புதிருமாக நினைத்துக் கொள்ள எனக்கு இன்னமும் இடமிருக்கிறது. மறுநாள் காலை அத்தை காபியுடன் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

ஆராய்ச்சி இத்துடன் நின்றுவிடவில்லை. மாமாவைப் போலவே நுண்ணிய இரத்தக் குழாய்களில் புற்று புகுந்திருந்த 198 பேரைச் சீனத்தில் தேர்ந்தெடுத்து, சின்டிலிமாப் என்ற பிரேக் நீக்கும் மருந்தைச் சோதித்தார்கள். நோயற்ற காலத்தின் நடு அளவு 15.5 மாதத்திலிருந்து 27.7 மாதமாயிற்று என்று 2024-இல் வெளியாயிற்று. நல்ல செய்திதான். ஆயினும் இது சிறிய சோதனை. இதே முடிவு பெரியதிலும் நிலைக்க வேண்டும். வேறு சில நிபுணர்கள், கட்டியை எடுத்த பின் கொடுப்பதைவிட எடுப்பதற்கு முன் கொடுப்பதே சிறந்ததாகலாம் என்கிறார்கள். பகைவன் கண்ணெதிரே இருக்கும்போதுதானே காவலன் அவன் முகத்தைப் பழகிக் கொள்வான்? நியூயார்க்கில் 2022-இல் வெளியான சிறு சோதனையில், முன்னதாக மருந்து பெற்று ரண சிகிச்சை செய்துகொண்ட 20 பேரில் நால்வருக்குக் கட்டியின் பெரும்பகுதி மடிந்து கிடந்தது. எனக்கு இந்த யோசனை பிடித்திருக்கிறது. ஆனால் எனக்குப் பிடித்திருப்பதால் அது உண்மையாகிவிடாது என்பதையும் இரண்டு ஆண்டுகளில் கற்றுக் கொண்டேன்.

ஆகவே, வாசகசாலையில் என்னைக் கேட்ட பெரியவருக்கு: மாமாவுக்கு அந்த ஊசியை நாங்கள் போடவில்லை. தங்கள் தம்பிக்கு எதையேனும் டாக்டர் சொன்னால், அது இடைக்காலக் கணக்கா, முடிந்த கணக்கா என்றும், நோய் தள்ளிப் போகிறதா, ஆயுள் நீள்கிறதா என்றும், வந்த பின் கொடுத்தால் என்ன நஷ்டம் என்றும் கேளுங்கள். கேட்பதற்குக் கூச வேண்டாம். நல்ல டாக்டர்கள் கோபித்துக் கொள்வதில்லை. புதிய மருந்தைச் சோதிக்கும் ஆராய்ச்சி ஏதேனும் பெரிய ஆஸ்பத்திரியில் நடந்து, அதில் அவரைச் சேர்த்துக் கொள்வார்களானால், அதன் நிபந்தனைகளை ஒன்று விடாமல் படித்துக் கேட்டுவிட்டு யோசியுங்கள். 'பி' வைரஸ் உண்டா என்று அவருக்கும் அவரோடு பிறந்த தங்களுக்கும் பரிசோதித்தாயிற்றா என்பதையும் எனக்குச் சொல்லுங்கள். இல்லையெனில் ஞாயிற்றுக்கிழமை காலை நான் உடன் வருகிறேன்.

மாமாவின் அடுத்த ஸ்கேன் வரும் மாதம் பன்னிரண்டாம் தேதி. சேவாகிராம் எக்ஸ்பிரஸில் மூன்று பேருக்கு இடம் பதிவு செய்தாயிற்று. ஜன்னலோர இடம் வேண்டுமென்று மாமா இப்போதே சண்டை பிடிக்கிறார்.